308 போதும்: மொன்-லோரியேக்கு ஒரு மான் வேட்டைப் பயணம்

வெள்ளிக்கிழமை காலை 8.20க்கு, மொன்றியல் நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸில் உள்ள என் வீட்டிலிருந்து புறப்பட்டேன். என் வான் வண்டியின் பின்புறத்தில் பூட்டிய பெட்டிக்குள் என் றைபிள் இருந்தது. பக்கத்தில் இரண்டு செம்மஞ்சள் மேலங்கிகள், ஒரு தார்ப்பாய், மனைவி கட்டித்தந்த புட்டும் கோழிக்கறியும். போக வேண்டிய இடம் மொன்-லோரியே, மொன்றியலுக்கு வடமேற்கே ஏறத்தாழ இருநூற்று நாற்பது கிலோமீற்றர். நவம்பர் மாதம், மான் வேட்டைக்கு றைபிள் அனுமதிக்கப்பட்ட நாட்கள். எனக்கு இது முதல் வேட்டை.

முதலில் ஆற்றைக் கடந்து எதிர்த்திசையில் லொங்குய்ய்க்குப் போனேன். என் மனைவியின் தமையன் ரூபன் அங்கே இருக்கிறான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறான். ஒன்பது மணிக்குத் தன் வீட்டு வாசலில் புது றைபிள் பெட்டியோடு நின்றான்.

"300 மேக்னம், மச்சான். இந்த முறை ஒண்டும் தப்பாது" என்றான்.

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பதை விளக்க வேண்டும். போன வருடம் இதே இடத்தில் அவன் ஒரு மானைச் சுட்டான். அது காயத்தோடு காட்டுக்குள் ஓடிவிட்டது. அன்று இருட்டும்வரையும் மறுநாளும் தேடினான். இரத்தத் துளிகள் ஒரு சதுப்பு நிலம்வரை போய் நின்றுவிட்டன. அதன் பிறகு பல மாதங்கள் அவன் வேட்டைப் பேச்சே எடுக்கவில்லை. கோடையில் திடீரென்று, பழைய றைபிளின் ரவை பலம் போதாது, பெரியது வாங்கப் போகிறேன் என்றான். மானுக்கும், குதிரையைவிட உயரமாய் நிற்கும் மூஸுக்கும் ஒன்றே போதுமாம்.

நானும் அந்தக் கோடையில்தான் என் றைபிளை வாங்கினேன். கடையில் 308 ரவையையும் 300 மேக்னம் ரவையையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முனையிலுள்ள சன்னம் இரண்டிலும் ஒரே தடிப்பு. மேக்னத்தின் கோது ஒரு விரலகலம் கூடுதல் உயரம். வித்தியாசமெல்லாம் அதற்குள் அடைத்திருக்கும் வெடிமருந்தில்தான். மருந்து கூடினால் வேகம் கூடும், தோளில் விழும் உதையும் கூடும். நான் 308 என்ற சிறியதை எடுத்தேன். பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை, உதைக்குப் பயந்துதான்.

11.00 மணி. சென்-ஜெரோமைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சூடு பழகும் திடல் ஒன்றில் நிறுத்தினோம். வேட்டைக்கு முன் இரண்டு றைபிள்களையும் சரிபார்க்க வேண்டும். திடலுக்குப் பொறுப்பாக லூக் என்றொருவர் இருந்தார். நரைத்த மீசை, நிதானமான பிரெஞ்சு. நூறு மீற்றரில் கடதாசி இலக்கு.

ரூபன் மூன்று முறை சுட்டான். ஒன்று இலக்கின் இடது கீழ் மூலையில் பட்டது, ஒன்று அதற்கும் கீழே. மூன்றாவது கடதாசியிலேயே இல்லை.

"ஸ்கோப் பிழை" என்றான் ரூபன், மேலே பூட்டியிருந்த குறிபார்க்கும் கண்ணாடியைத் தட்டி.

லூக் றைபிளை வாங்கித் தானே இரண்டு முறை சுட்டார். இரண்டும் நடுவில் பட்டன. ஒன்றும் சொல்லாமல் திரும்ப ரவை போட்டு ரூபனிடம் கொடுத்தார். ரூபன் குறி பார்த்து விசையை இழுத்தான். வெடி வரவில்லை, 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். ஆனால் குழல் முனை ஒரு கையகலம் கீழே குத்தியது. அவன் தோள் முன்னால் பாய்ந்திருந்தது, கண் இறுக்கி மூடியிருந்தது.

லூக் போட்டது மருந்தில்லாத பயிற்சி ரவை.

யாரும் சிரிக்கவில்லை. ரூபன் றைபிளை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எல்லோருக்கும் வருவதுதான்" என்றார் லூக். "உதை வரப்போகிறது என்று உடம்பு முந்திக்கொள்கிறது. நீங்கள் போகும் காட்டில் எவ்வளவு தூரம் தெரியும்?"

"எண்பது மீற்றர். கூடினால் நூறு" என்றான் ரூபன்.

"அந்தத் தூரத்துக்கு இவ்வளவு மருந்து எதற்கு? உங்கள் நண்பருடையதைச் சுட்டுப் பாருங்கள்."

என் றைபிளில் ரூபன் ஐந்து முறை சுட்டான். முதலாவது கொஞ்சம் விலகியது. மற்ற நான்கையும் ஓர் உள்ளங்கையால் மூடிவிடலாம்.

"மூஸுக்கு?" என்று ரூபன் கேட்டான்.

"நூற்றைம்பது மீற்றருக்குள் நின்றால் இதுவே போதும். பாரம் கூடிய, உடைந்து சிதறாத சன்னமாகப் பார்த்து வாங்குங்கள். நான் இதால்தான் சுடுகிறேன்."

மேக்னத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். இனி இருவருக்கும் ஒரே றைபிள்.

சென்ட்-அகாத்தில் நெடுஞ்சாலை முடிந்து 117ஆம் இலக்க வீதி தொடங்குகிறது. இலையுதிர்ந்த மலைகள், கரையில் பனிக்கட்டி பிடித்த ஏரிகள். லபெல் என்ற சிற்றூரில் நிறுத்தினோம். அங்கே ஒரு பெற்றோல் நிலையத்தில் கோப்பி வாங்கிக்கொண்டு வந்து வானில் அமர்ந்த பிறகுதான் ரூபன் கதைத்தான்.

"போன வருசமும் இதுதான் நடந்திருக்கும். ரவையில பிழையில்லை. நான்தான் கண்ணை மூடியிருப்பன்."

நான் வீதியைப் பார்த்து ஓட்டினேன்.

"சண்டைக்குள்ள இருந்து வந்ததாலையோ எண்டு நினைக்கிறாய் என்ன?"

"நான் ஒண்டும் கேக்கேல்லையே, மச்சான்."

"அதில்லை. தோள் நோ. லொறியில பாரம் கட்டுற பட்டியை இழுத்துக் கட்டிக்கட்டி வந்தது. டொக்டர் சொன்னவர், நான் வீட்டில சொல்லேல்லை."

உண்மையில் நான், நாங்கள் தப்பிவந்த எங்கள் ஊர்ச் சண்டையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தலைமுறைக்கு எதற்கும் அந்த ஒரு காரணம் கைவசம் இருக்கிறது. தோள் நோ என்று கேட்டதும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

3.40க்கு மொன்-லோரியே. நகரைத் தாண்டிப் பதினெட்டுக் கிலோமீற்றரில் ஜிசேல் என்ற பெண்மணியின் பண்ணை. கணவர் இறந்தபின் தனியாக இருக்கிறார். வேட்டைக்காரருக்கு இரண்டு அறையும் காடும் வாடகைக்கு விடுகிறார். எங்கள் கோழிக்கறியை ருசிபார்த்துவிட்டு இரண்டு கோப்பை தண்ணீர் குடித்தார். பிறகு இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

"போன வருட மானை நீங்கள் மறுநாளும் தேடினீர்கள், நினைவிருக்கிறது" என்றார் ரூபனிடம். "பலர் தேடாமலே போய்விடுவார்கள்."

ரூபன் தலையாட்டினான்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே, மறைந்திருந்து சுடுவதற்காக உயரத்தில் கட்டிய பலகைக் கூண்டுக்குள் போய் அமர்ந்தோம். குளிர் மைனஸ் ஆறு. முன்னால் கைவிடப்பட்ட அப்பிள் மரங்கள், அவற்றுக்குப் பின்னால் அடர்ந்த ஊசியிலைக் காடு. மெல்லிய பனி விழுந்திருந்தது. 7.30க்கு இரண்டு பெண் மான்கள் வந்து, விழுந்து கிடந்த அப்பிள்களைத் தின்றுவிட்டுப் போயின. எங்கள் அனுமதி கொம்புள்ள ஆண் மானுக்கு மட்டும்.

9.40 மணி. காட்டோரம் ஒரு கிளை அசைந்தது. பிறகு கொம்பு தெரிந்தது.

ரூபன் றைபிளை என் பக்கம் தள்ளினான். "நீ சுடு" என்று மூச்சால் சொன்னான்.

நான் கைகளை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டேன். "நீ சுடு, மச்சான்."

"திரும்பவும் பிழைச்சா?"

"பிழைக்கும் எண்டு பட்டால் சுடாதை. போகட்டும்."

அவன் றைபிளை ஜன்னல் கட்டையில் வைத்தான். மான் எழுபது மீற்றரில், எங்களை நேராகப் பார்த்து நின்றது. அப்படி நிற்கும்போது சுடக்கூடாது. அவன் காத்திருந்தான். ஒரு நிமிடம் இருக்கலாம், அரைமணி போல இருந்தது. மான் திரும்பி, விலாவைக் காட்டியபடி ஓர் அப்பிளுக்குக் குனிந்தது. நான் மானைப் பார்க்கவில்லை, ரூபனின் முகத்தைப் பார்த்தேன்.

வெடித்தது. பார்த்தபோது மான் துள்ளிக் காட்டுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. பிறகு ஒன்றுமில்லை.

ரூபன் ஜன்னலால் எட்டிப் பார்த்தான். "ஓடிட்டுது. போன வருசம் மாதிரியே ஓடிட்டுது."

"பட்டிருக்கு."

"உனக்கெப்படித் தெரியும்? நீ மானைப் பாக்கேல்லையே."

"உன்ரை கண்ணைப் பாத்தன். திறந்திருந்தது."

உடனே பின்னால் போகக்கூடாது. காயப்பட்ட மான் ஆள் அரவம் கேட்டால் இன்னும் தூரம் ஓடும். அரைமணி நேரம் இருந்தோம். அவன் இரண்டு முறை எழுந்தான், இரண்டு முறையும் மேலங்கியைப் பிடித்து இருத்தினேன்.

10.12க்கு இறங்கினோம். மான் நின்ற இடத்தில் குளம்பு கிளறிய மண் மட்டும் இருந்தது. இரத்தமில்லை. பத்து அடி நடந்தோம், இல்லை. ரூபன் நின்றுவிட்டான். நான் குனிந்தபடி இன்னும் நாலடி வைத்தேன். பனியில் ஓர் இளஞ்சிவப்புத் துளி, அதில் சின்னக் குமிழிகள். நுரையோடு வரும் இரத்தம் நுரையீரலிலிருந்து வருவது என்று வேட்டை வகுப்பில் படித்திருந்தேன்.

"ரூபன், இஞ்சை வா."

அங்கிருந்து நாற்பத்தைந்து அடி தூரத்தில், ஒரு சிறிய மரத்தடியில் மான் படுத்திருந்தது. ரூபன் நீளக் குச்சியால் அதன் கண்ணை மெல்லத் தொட்டுப் பார்த்தான். அசையவில்லை. முன்தோளுக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறு துளை, மறுபக்கம் அதைவிடக் கொஞ்சம் பெரியது.

"இவ்வளவுதானா" என்றான். பிறகு பனியிலேயே இருந்துவிட்டான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். நானும் பக்கத்தில் இருந்தேன். அனுமதிச் சீட்டை மானில் கட்டவேண்டும், குடல் எடுக்கவேண்டும், நானூறு மீற்றர் இழுக்கவேண்டும். எதற்கும் அவசரம் இல்லை.

மானை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது ஜிசேல் தன் சிறிய உழவு இயந்திரத்தோடு பாதை முடிவில் காத்துக்கொண்டு நின்றார்.

"ஒரே வெடி கேட்டது" என்றார். "ஒன்று என்றால் இறைச்சி. இரண்டு மூன்று கேட்டால்தான் எனக்குக் கவலை."

ஞாயிறு காலை 10.00. நகரிலுள்ள பதிவு நிலையத்தில் மானைக் காட்டிப் பதிந்தோம். அங்கு நின்றவர்கள் வந்து வானுக்குள் எட்டிப் பார்த்தார்கள். தெரியாதவர்கள் ரூபனின் கையைக் குலுக்கினார்கள். என்ன ரவை என்று ஒருவர் கேட்டார். "308" என்றான். அவர் தலையாட்டிவிட்டு எத்தனை மீற்றர் என்று கேட்டார். அத்தோடு ரவைக் கதை முடிந்தது.

திரும்பும் வழியெல்லாம் ஜிசேல் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊரில் நாங்களும் வெடிகளை எண்ணியவர்கள்தான். ஒன்று கேட்டால் அடுத்தது எந்தப் பக்கம் கேட்கும் என்று சுவரோரம் குந்தியிருந்து எண்ணுவோம். இந்த ஊரில் ஒரு வெடி கேட்டால், ஒரு பெண் உதவிக்கு வண்டி எடுத்து வருகிறாள். அந்த வெடி எங்களுடையதாக இருந்தது. அதைக் கேட்டு யாரும் ஓடவில்லை.

இதை ரூபனிடம் சொல்லலாம் என்று மொன்-ட்ரம்ப்லாண்ட் தாண்டியதும் திரும்பினேன். அவன் ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து, வாய் திறந்தபடி நித்திரையாகியிருந்தான். வானொலியை நிறுத்தினேன். வேகத்தைத் தொண்ணூறுக்குக் குறைத்து, லொங்குய்ய் வரை குலுங்காமல் ஓட்டினேன்.