நாலு யன்னல், நாலு அளவு

கொழும்பிலிருந்து வந்த மூன்றாம் நாள், சுவிற்சர்லாந்தின் வில் நகரத்துத் தச்சுப்பட்டறை ஒன்றில் நிற்கிறேன். என் தங்கையின் கணவர் எல்லைக்கு அப்பால் பிரெஞ்சுக் கிராமமொன்றில் பழைய கல்வீடு வாங்கியிருக்கிறார். புதிய யன்னல்களுக்கும் அவற்றின் வெளிப்பக்க மரக்கதவுகளுக்கும் ஓடர் கொடுக்க வந்திருக்கிறோம். பழையவற்றை அவசரப்பட்டுக் கழற்றிவிட்டார். தங்கை அங்கே பிளாஸ்டிக் தாளுக்குப் பின்னால் குளிரில் நடுங்குகிறாள். இவரோ பட்டறை முதலாளியைப் போலப் பலகைகளைத் தட்டிப் பார்க்கிறார்.

ஓடர் எழுதும் பெண் இங்கேயே பிறந்த தமிழ்ப்பிள்ளை. "எத்தினை இடத்திலை அளந்தனீங்கள், அண்ணை?"

"ஒரு யன்னலை அளந்தனான். நாலும் ஒண்டுதானே."

"பழைய கல்வீட்டிலை ஒரு யன்னலே மேலையும் கீழையும் ஒரே அளவாய் இராது. மரத்தை வெட்டினாப் பிறகு ஒண்டும் செய்யேலாது."

"நீர் எனக்குப் படிப்பிக்கிறீரோ?" என்கிறார், சுவரில் ஓர் ஆணிகூட அடித்தறியாத மனிதர்.

நான் தங்கைக்குப் போன் எடுக்கிறேன். அவள் கதிரையில் ஏறி, ஒவ்வொரு யன்னலையும் மேலே, நடுவே, கீழே என்று அளந்து சொல்கிறாள். நாலும் நாலு அளவு. ஒன்று கீழே மூன்று சென்ரிமீற்றர் ஒடுக்கம்.

"கட்டினவன் மடையன்," என்கிறார் மச்சான்.

அந்தப் பெண் அவருடைய அளவை எழுதிய ஓடர் தாளைக் கிழித்துவிட்டுப் புதுத்தாள் எடுக்கிறாள். ஓடருக்குத் தன் பெயரைச் சொல்வதற்கு மச்சான் தொண்டையைச் செருமுகிறார். அவள் என் கையிலிருக்கும் போனின் பக்கம் குனிகிறாள்.

"அக்கா, உங்கடை பேரைச் சொல்லுங்கோ."