எஸ்தர் வந்த பிறகுதான் ஆபரேஷன்

என் இடது தொடை எலும்பின் தலை செத்துக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்ன அதே வாரத்தில்தான் குவைத்துக்குள் பக்கத்து நாட்டு ராணுவம் புகுந்தது. என் மனைவி எஸ்தர் அப்போது குவைத்தில் நர்ஸாக இருந்தாள். 1990 ஆகஸ்ட். அந்த மாதங்களில் என்னைத் தாங்கியவர் யார் என்பதைத்தான் இன்று இந்தச் சபையில் உங்கள் முன்னால் சொல்ல நிற்கிறேன்.

நான் சாமுவேல். மின்வாரியத்தில் லைன்மேன். கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீடு. அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது, எங்கள் மகள் ஜெபாவுக்கு ஐந்து. எஸ்தர் குவைத் போய் ஒரு வருஷம் முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பக்கத்து வீட்டு சரஸ்வதி அக்காவின் போனுக்குக் கூப்பிடுவாள். கிறிஸ்துமஸுக்கு லீவில் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

வலி மே மாதமே ஆரம்பித்துவிட்டது. பெருங்களத்தூரில் ஒரு கம்பத்திலிருந்து இறங்கும்போது இடது அடித்தொடையில் சுரீர் என்று இழுத்தது. நான் விழவும் இல்லை, எதிலும் மோதவும் இல்லை. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். படுத்தால் வலி இருக்காது, எழுந்து காலை ஊன்றினால் உயிர் போகும். ஜூன் மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். ஜூலையில் நொண்டி நொண்டித்தான் வேலைக்குப் போனேன். ஒருநாள் கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு படிகூட ஏற முடியவில்லை. கூட வந்தவர்கள் என்னை ஜீப்பில் உட்காரவைத்துவிட்டு அவர்களே ஏறினார்கள். அன்று எனக்கு அழுகை வந்தது.

எஸ்தரிடம் போனில், கால் கொஞ்சம் வலிக்கிறது என்று மட்டும் சொன்னேன். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவளிடம் வேறென்ன சொல்வது?

ஆகஸ்ட் தொடக்கத்தில் குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். வலது பக்க எலும்பு நல்ல வெள்ளையாகத் தெரிந்தது. இடது பக்கம் தண்ணீர் விட்டுக் கழுவியதுபோல் மங்கிப்போயிருந்தது.

"ரத்த ஓட்டம் கட்டாயிருக்கணும், மிஸ்டர் சாமுவேல். எலும்போட தலை சாக ஆரம்பிச்சிருக்கு. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிடலாம். விட்டா அது நசுங்கிடும். அப்புறம் மூட்டையே மாத்த வேண்டி வரும்."

"மறுபடி கம்பம் ஏறலாமா சார்?"

"அதை இப்ப சொல்ல முடியாது. ஆபரேஷன் வரைக்கும் அந்தக் காலை ஊனவே கூடாது" என்று கக்கத்தில் வைத்து நடக்க இரண்டு கட்டைகளைக் கொடுத்து அனுப்பினார். மாதக் கடைசியில் நாள் குறித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. குவைத்துக்கு லைனே இல்லை என்றார்கள். ரேடியோவில் டாங்கிகளைப் பற்றிச் சொன்னார்கள், ஆஸ்பத்திரிகளைப் பற்றிச் சொன்னார்கள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பேன். அங்கே மணி அடித்தால் என் நெஞ்சு அடிக்கும். அக்கா பேசுகிற தொனியிலேயே அது எஸ்தர் இல்லை என்று தெரிந்துவிடும்.

ஜெபா சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போவாள். ஒருநாள் அக்கா வந்து, "தம்பி, உன் பொண்ணு ரிசீவரை எடுத்து காதுல வெச்சிகினு அம்மா, அம்மான்னு பேசிகினு கீது. டயல் டோன்தான் வருது. நான் இன்னா சொல்றது?" என்றாள். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில், குவைத்திலிருந்து தப்பியவர்கள் ஜோர்டான் வழியாக பம்பாய்க்கு விமானத்தில் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. சொந்தக்காரர்கள் பம்பாய்க்கே போய் நின்றார்கள். எனக்கும் போகவேண்டும். ஒவ்வொரு முகமாகப் பார்த்து அவளைக் கண்டுபிடிக்கவேண்டும். ஆனால் கட்டிலிலிருந்து கொல்லைக் கதவு வரை போவதற்கே கட்டை வேண்டியிருந்தது.

முழங்கால் போட முடியாது. படுத்தபடிதான் ஜெபித்தேன். "ஆண்டவரே, காலைக் கொடும். நான் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன்." கால் வரவில்லை. கோபம் வந்தது. சில நாள் ஜெபிக்கவே இல்லை. பிறகு ஒரு பகல் வேளையில், ஜெபா என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது, என்னை அறியாமல் வேறு மாதிரி கேட்டேன். "ஆண்டவரே, கால் போனால் போகட்டும். எஸ்தர் முகத்தைக் காட்டும்." அதற்குப் பிறகு என் வாயில் வேறு ஜெபமே வரவில்லை. சோறு சாப்பிடும்போதும் அதுதான், முகம் கழுவும்போதும் அதுதான்.

ஆபரேஷன் நாள் வந்தது. நான் மாட்டேன் என்றேன்.

"யாருக்காக வெயிட் பண்றீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"என் வீட்டுக்காரி வரணும் சார்."

"எப்ப வருவாங்க?"

"தெரியாது சார்."

அவர் சீட்டில் ஆபரேஷன் தேதியை அடித்தார். "லேட் பண்ணா உங்களுக்குத்தான் கஷ்டம். வந்ததும் உடனே வாங்க. அதுவரைக்கும் காலை ஊனாதீங்க."

சரஸ்வதி அக்கா திட்டினாள். "அவ வர்றப்ப வரட்டும். நீ மொதல்ல கால பாரு. நொண்டிகினு நின்னா கொழந்தய யாரு பாக்கறது?" சபையிலும் சிலர் அதையே சொன்னார்கள். அவர்கள் சொன்னது நியாயம். காத்திரு என்று ஆண்டவரிடமிருந்து எனக்குத் தரிசனமோ சத்தமோ எதுவும் கிடைக்கவில்லை. எஸ்தர் கை என் கையில் இல்லாமல் அந்த ஆபரேஷன் மேஜைமேல் படுக்க எனக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான்.

செப்டம்பர் கடைசி வாரம். மத்தியானம் மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் ஆட்டோ நின்றது. அக்காதான் முதலில் பார்த்தாள். "தம்பி, எஸ்தர் வந்துகீது" என்று கூப்பிட்டாள்.

கட்டையைப் பிடித்து எழுந்து வாசல் வரை போனேன். கேட்டருகே நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டிப்போய், யாருடையதோ ஒரு சுடிதாரில் இருந்தாள். பாலைவனத்துக் கூடாரங்களில் பல நாள், பிறகு பம்பாய், அங்கிருந்து ரயில். சென்ட்ரலில் இறங்கி எலக்ட்ரிக் ரயில் பிடித்து வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்குக் கட்டை மறந்துபோனது. ஒரு அடி எடுத்துவைக்கப் போனேன்.

"காலை ஊனாதீங்க" என்றாள். "அங்கேயே நில்லுங்க. நானே வர்றேன்."

இரண்டு மாதம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. நர்ஸ் அல்லவா, கட்டையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஜெபா ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டவள், அன்று முழுக்க விடவே இல்லை.

இரண்டு நாள் தூங்கி எழுந்ததும் எஸ்தர் என் எக்ஸ்ரேக்களை எடுத்துப் பார்த்தாள். "இன்னொருத்தர்கிட்ட காட்டிட்டு அப்புறம் வெட்டலாம்" என்றாள். அவள் பயிற்சி பெற்ற காலத்தில் எலும்புப் பிரிவில் இருந்த வயதான டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் புதிதாக ஒரு படம் எடுத்து, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப வலி எப்படியிருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். குறைந்திருந்தது. எஸ்தருக்காக ஏங்கியதில் அதை நான் கவனிக்கவே இல்லை.

"தலை நசுங்கல. மூட்டு இடைவெளியும் அப்படியே இருக்கு. இது சாகிற எலும்பு இல்லைன்னு நினைக்கிறேன். அபூர்வமா வர்ற ஒண்ணு. நிறைமாசக் கர்ப்பிணிகளுக்கு வரும், இல்லேன்னா உங்க வயசு ஆம்பளைங்களுக்கு வரும். ஏன் வருதுன்னு யாருக்கும் தெரியாது. எலும்புல இருக்கிற சத்து கொஞ்ச காலத்துக்கு இறங்கிடும். காலை ஊனாம காத்திருந்தா அதுவா திரும்பி வந்துடும்."

"ஆபரேஷன் சார்?" என்று எஸ்தர் கேட்டாள்.

"வேண்டாம்மா. இவர் என்ன வைத்தியம் பண்ணணுமோ, அதைத்தான் ரெண்டு மாசமா பண்ணிட்டிருக்கார்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எது எனக்குத் தண்டனை என்று நினைத்தேனோ அதுவே மருந்தாக இருந்திருக்கிறது. அவளுக்காகப் படுத்துக் காத்திருந்த ஒவ்வொரு நாளும் எலும்புக்குள் ஒரு வேலை நடந்திருக்கிறது. முதல் டாக்டரை நான் குறை சொல்லவில்லை. அவர் கண்ணில் பட்டதைச் சொன்னார். காலை ஊனாதே என்று கட்டை கொடுத்ததும் அவர்தான்.

டிசம்பரில் ஒரு கட்டையை விட்டேன். பிப்ரவரியில் எடுத்த படத்தில் இரண்டு பக்கமும் ஒரே வெள்ளை. எஸ்தர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வெயில் காலம் தொடங்குவதற்குள் வேலைக்குத் திரும்பினேன். மேலே ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, தூரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்தபோது நன்றி என்று வாய்விட்டே சொன்னேன். கீழே இருந்தவர் "என்னண்ணா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, லைனை ஆஃப் பண்ணிட்டாங்களான்னு கேளு" என்றேன்.

எஸ்தர் திரும்ப வெளிநாடு போகவில்லை. சேலையூரில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை செய்கிறாள். அன்றுவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஜெபிக்கிறவனாக இருந்த நான், இப்போது தினமும் விடியற்காலையில் முழங்கால் போடுகிறேன். போட முடிகிறதே என்பதற்காகவே போடுகிறேன்.

உங்களில் யாராவது டாக்டர் நாள் குறித்த சீட்டோடு இங்கே வந்திருந்தால், என்னைப் பார்த்து ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள், அவர் சொன்னபடி செய்யுங்கள். ஆனால் ஒன்று. ஆண்டவரிடம் எதைக் கேட்பது முறை என்று யோசித்து அலங்காரமாகக் கேட்காதீர்கள். உள்ளுக்குள் எதற்காக ஏங்குகிறீர்களோ, அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நான் ஒன்றைக் கேட்டேன். அவர் இரண்டையும் கொடுத்தார்.