சி டிரைவ்ல ஒண்ணுமில்லீங்க

கோத்தகிரி பஜாரில் நானும் என் கணவரும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறோம். ஒரு சாரல் நாளில், தேயிலைத் தோட்டக்காரர் ஒருவர் கம்பளியில் சுற்றிய சிபியுவைக் கொண்டுவந்தார். ஃபார்மேட் செய்து விண்டோஸ் போட வேண்டுமாம்.

"ஏனுங்க, ஊட்டுக்காரர் இல்லீங்களா?"

"மஞ்சூர் போயிருக்காருங்க. நானே போட்டுத் தர்றேன். எதையாவது எடுத்து வைக்கணுங்களா?"

"சி டிரைவ்ல ஒண்ணுமில்லீங்க. எல்லாம் டெஸ்க்டாப்லதான் இருக்குது."

டெஸ்க்டாப் இருப்பதே சி டிரைவில்தான்; ஃபார்மேட் செய்தால் அதுவும் அழிந்துவிடும். சொல்ல வாயெடுத்தேன்.

"உங்களுக்குத் தெரியாதுங்க. சொன்னதை மட்டும் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னதை மட்டும் செய்ய எனக்கு வராது. டெஸ்க்டாப்பில் இருந்ததையெல்லாம் என் ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்த பிறகுதான் ஃபார்மேட் செய்தேன். ஆனால் அதை அவருடைய கம்ப்யூட்டரில் திரும்பப் போடவில்லை. வேண்டுமென்றேதான்.

மாலை வந்தவர் காலித் திரையைப் பார்த்து அலறினார்.

"எம் பொண்ணு கல்யாணப் போட்டோ அத்தனையும் போச்சே! அதுக்குத்தான் ஊட்டுக்காரரைக் கேட்டேன்!"

என் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன். மணமேடையில் அவர் மகள் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டவர் மெதுவாகக் கேட்டார்.

"இதெல்லாம் ஊட்டுக்காரர் சொல்லிக் குடுத்ததுங்களா?"

"இல்லீங்க. அவருக்கு நான் சொல்லிக் குடுத்தது."

இன்றும் கடைக்கு வந்து, "ஊட்டுக்காரர் இல்லீங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. முன்பெல்லாம் அவர் எங்கே போயிருக்கிறார் என்று சொல்வேன். இப்போது, "எதுக்குங்க?" என்று மட்டும் கேட்கிறேன்.