அஞ்சுக்கு எத்தனை?

போருக்குத் தப்பி ஓடிவந்தவர்களுக்கு வயல்களுக்கு நடுவே தகரக் கூரை வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அங்கே தையலக்கா என்றால் தெரியாதவர் இல்லை. ஆனால் வந்த புதிதில் அவள் ஊசியைக்கூடத் தொடவில்லை. யாரோ கொடுத்த தையல் மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கினாலே அவள் காதில் துப்பாக்கிச் சத்தம்தான் விழும். உடனே மெஷினை மூடி வைத்துவிடுவாள்.

முகாமுக்கு வந்த நர்ஸ், "மனசு சரியில்லாதவங்ககிட்ட போன்லயே பேசி ஆறுதல் சொல்ல ஒரு சேவை இருக்குக்கா. வாராவாரம் அவங்களே கூப்பிடுவாங்க" என்றாள்.

"முகம் தெரியாதவங்ககிட்ட மூக்கைச் சிந்தச் சொல்றியா?" என்று நொடித்தாலும், தையலக்கா நம்பரைக் கொடுத்துவைத்தாள்.

சிக்னல் கிடைப்பதோ தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும். குடம் தூக்கி வருகிறவர்களுக்கெல்லாம் காது நீளும். அதனால் முதலில் மழையும் முட்டுவலியும்தான் பேச்சு. மறுமுனைப் பெண் அவசரப்படவில்லை. பொத்தானுக்குக் காஜா எடுப்பது எப்படி என்றுகூடக் கேட்டாள். ஒருநாள் தொட்டிப் பக்கம் ஆளே இல்லை. தையலக்கா மெஷின் சத்தத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"முதல்ல சக்கரத்தைக் கையால சுத்துங்கக்கா. ஒரு தையல் போட்டு நிறுத்துங்க. நிறுத்துறது உங்க கையிலதானே இருக்கு?" என்றாள் அந்தப் பெண்.

ஒரு தையல் ஒரு வரிசையானது. வரிசை தலையணை உறையானது. அறுவடை முடிவதற்குள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கவே துணி வந்து குவிந்தது.

பிறகு வேறொருத்தி கூப்பிட்டாள். "எங்க சேவை திருப்தியா இருக்கா? அஞ்சுக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

"அந்தப் பொண்ணுக்கு அஞ்சும் போட்டுக்கோம்மா. பாதிப் பேச்சுல அறுந்துபோற லைனுக்கு முட்டை!"

அவள் சிரித்துவிட்டாள். "வேற ஏதாவது குறை?"

தையலக்கா குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக்காரர் தூக்கத்துல அலறுறார். பொம்பளைங்ககிட்ட வாயே திறக்க மாட்டார். ஒரு ஆம்பளையைப் பேசச் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

அடுத்த மாதம் ஓர் ஆண் குரல் கூப்பிட்டு, சாயங்காலம் அவரிடம் பேசுவதாகச் சொன்னது. பால் பண்ணை வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர், "எனக்கென்ன கேடு?" என்று முறைத்துக்கொண்டேதான் போனை வாங்கிக்கொண்டு தொட்டி மேட்டுக்குப் போனார். பேச்சு முடிய வெகுநேரம் ஆனது. திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தவர், தட்டை மறுபடியும் நீட்டினார்.

"அப்படி என்னதான் பேசினீங்க?"

"எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்றார் அவர்.

தையலக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி அள்ளிப் போட்டாள்.