காஜாக்கா சொன்ன ‘இதோ ஆச்சு’

தையல் கூடத்தில் இஸ்திரி போடுகிறவர், சூடு தாங்காமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு வேலை செய்வார். மனைவி காலமான பிறகு அவர் சட்டையில் பொத்தான்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே வந்தன. நாளெல்லாம் ஊரார் சட்டையை மொடமொடவென்று தேய்த்துத் தருகிற மனிதர், தன் சட்டையைக் குண்டூசி குத்திக்கொண்டு வருவார். ஒரு மத்தியானம் எல்லோரும் கை கழுவப் போயிருந்த நேரத்தில், அதே கூடத்தில் வேலை செய்கிற காஜாக்கா அந்தச் சட்டையை எடுத்தாள். இல்லாத பொத்தானைத் தைத்தாள், ஆடுகிற பொத்தானை இறுக்கினாள், இருந்த மாதிரியே திரும்ப மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள். மறுநாள் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தார்.

“பார்த்தீங்களா, என் பொண்ணு தைச்சு வச்சிருக்கா. கேட்டா நான் இல்லைங்கிறா. அவ்வளவு அடக்கம்.”

“நல்ல பொண்ணுண்ணே” என்றாள் காஜாக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சட்டையில் பொத்தான் நுழைகிற துளைக்குத்தான் காஜா என்று பெயர். துளையை வெட்டி, அதன் ஓரம் பிரியாமல் நூலால் நெருக்கிக் கட்டுவது அவள் வேலை; பேரும் அதனால் வந்ததுதான். கை கொஞ்சம் நகர்ந்தாலும் துணி வீண். அவள் கை நகர்ந்ததில்லை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் கடல் தாண்டி வேலையில் இருந்தான். பக்கத்துத் தெருவில் இருந்த தங்கைதான் அவளுக்கு மிச்சமிருந்த சொந்தம்.

அந்தத் தங்கைக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதன் இடது கன்னத்தில், கண்ணோரத்திலிருந்து காதுவரை, பீட்ரூட் சாறு கொட்டினது போல ஒரு சிவப்பு. தடவிப் பார்த்தால் மற்ற தோல் போல வழவழவென்றுதான் இருக்கும். நிறம் மட்டும் போகாது. பேருந்தில் யாரோ ஒருத்தி, “ஐயோ பாவம், சுடுதண்ணி கொட்டிடுச்சா?” என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து போர்வையை இழுத்து மூடிப் படுத்த தங்கை, சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. காஜாக்காதான் இருவரையும் கிளப்பித் தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள்.

“தோலுக்கு அடியில ரத்தக் குழாய் விரிஞ்சு இருக்கிறதால வர்ற நிறம்மா இது” என்றார் டாக்டரம்மா. “லேசர் வச்சா கொஞ்சம் கொஞ்சமா மங்கும். முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். விட்டு விட்டுப் பல தடவை வரணும். ரப்பர் பேண்டை இழுத்து விட்டா சுளீர்னு படும் இல்லையா, அப்படி இருக்கும். குழந்தை துள்ளும். அசையாம பிடிச்சுக்க மனசு திடமான ஒரு ஆள் வேணும்.”

வெளியே நடையில் தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீயே பிடிச்சுக்கோக்கா. என்னால ஆகாது. நான் பிடிச்சு, பிள்ளை என்னைப் பார்த்தே பயந்துபோயிட்டா அப்புறம் அது யார்கிட்டக்கா போகும்?”

“என்னைப் பார்த்து பயந்தா பரவாயில்லையாடி?” காஜாக்கா சிரித்தாள்.

“பெரிசானதும் நானே அவளை உட்கார வச்சு சொல்றேன்க்கா. இந்த முகம் உன் பெரியம்மா கொடுத்ததுன்னு. சத்தியமா.”

காஜாக்கா சத்தியம் கேட்கவில்லை. ஆனால் கொடுத்த சத்தியத்தை மடித்துப் பத்திரமாக மனதுக்குள் வைத்துக்கொண்டாள்.

லேசர் அறையில் எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி. குழந்தையைத் துணியில் சுருட்டி, கண்ணை மூடி மறைப்பு வைத்துவிடுவார்கள். காஜாக்கா இரண்டு உள்ளங்கைக்கு நடுவே அந்தச் சின்னத் தலையைப் பிடித்துக்கொள்வாள். சில்லென்று ஒரு காற்று, பளிச்சென்று ஒரு வெளிச்சம், ‘டிக்’ என்று ஒரு சத்தம். குழந்தை வீறிடும். அவள் அதன் காதோடு குனிந்து, “ஆச்சு தங்கம், இதோ ஆச்சு, இதோ ஆச்சு” என்பாள். வாய் அதைச் சொல்லும். மனசு ஆண்டவனைக் கூப்பிடும். பட்ட இடமெல்லாம் கத்திரிக்காய் நிறத்தில் புள்ளி புள்ளியாகக் கன்றிப்போகும். அது ஆறும்போது கொஞ்சம் வெளுக்கும். பிறகு மறுபடி அதே அறை, அதே பிடி.

வெளியே தங்கை பால் புட்டியோடு நிற்பாள். அழுகிற பிள்ளையைத் தேற்ற நாம் தரையை அடிப்போம், கதவை அடிப்போம் அல்லவா? முதல் நாளே காஜாக்கா தன் தோளைக் காட்டி, “பெரியம்மாதான் அடிச்சா. பெரியம்மாவ அடி, அடி” என்று சொல்லிக் கொடுத்தாள். தங்கை குழந்தையின் கையை எடுத்து அக்காவின் தோளில் பட்பட்டென்று தட்டினாள். அழுகை நின்றது. மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அந்த விளையாட்டு நடந்தது.

கன்னம் மெல்ல மெல்ல மங்கியது. குழந்தை தவழ்ந்தது, நடந்தது, பேச ஆரம்பித்தது. பெரியம்மாவைக் கண்டால் மட்டும் அம்மாவின் முந்தானைக்குள் போய்விடும். வளர வளரச் சரியாகும் என்று காஜாக்கா இருந்தாள். ஒருநாள் தங்கை போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“கேளேன்க்கா கூத்தை. எதிர்வீட்டம்மா வந்து ‘சமையல் ஆச்சா?’ன்னாங்க. இவ கன்னத்தைப் பொத்திக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போயிட்டா.”

“ஐயையோ.”

“குளிச்சாச்சான்னு இவ அப்பா கேட்டாலும் ஓட்டம்தான். நம்ம வீட்ல இனிமே எதுவுமே ஆகக் கூடாது போலிருக்கு.”

காஜாக்காவும் சிரித்தாள். ஆனால் அன்று மத்தியானம் அவள் வெட்டிய காஜா ஒன்று கோணிப் போயிற்று.

குழந்தையின் முகத்தில் வெயில் படக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அகலமாக விளிம்பு வைத்துத் துணித்தொப்பி ஒன்று தைத்து எடுத்துக்கொண்டு அவள் தங்கை வீட்டுப் படியேறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தன்னுடைய குரல் கேட்டது.

“ஆச்சு தங்கம், இதோ ஆச்சு.”

தங்கை பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் கரகரப்பு, அந்த இழுப்பு, எல்லாம் அச்சாகக் காஜாக்காவுடையது. குழந்தை வாயில் அடக்கி வைத்திருந்த சோற்றை அவசர அவசரமாக விழுங்கியது.

“வாங்கிக்கோ இன்னொரு வாய். இல்லேன்னா பெரியம்மாவக் கூப்பிடவா? இதோ ஆச்சு…”

“உங்கக்கா குரல் அப்படியே வருதுடி” என்று தங்கையின் புருஷன் சிரித்தார்.

காஜாக்கா உள்ளே போனாள். அவர் எழுந்து, “வாங்கக்கா” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் நழுவினார். குழந்தை கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

“என் குரல்ல பயம் காட்டாதடி” என்றாள் காஜாக்கா.

“விளையாட்டுக்கா. சோறே இறங்க மாட்டேங்குது, நான் என்ன பண்ண?”

“அவகிட்ட சொல்றேன்னு எனக்கு நீ வேற ஒண்ணு சொன்ன.”

“இப்ப சொன்னா அதுக்கு என்னக்கா புரியும்? இதையெல்லாம் போய் மனசுல வச்சுக்கிட்டு.”

குழந்தைக்குப் புரியாதுதான். பயம் மட்டும் புரியும். அதைத்தான் தங்கை ஊட்டிக்கொண்டிருந்தாள். தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டுக் காஜாக்கா வந்துவிட்டாள்.

அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. பிள்ளை முகம் பாதியில் நிற்குமே என்று போனாள். ஆனால் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு போனாள். கண் மறைப்பு வைத்தார்கள். தலையைப் பிடித்தாள். வெளிச்சம், சத்தம், வீறிடல். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டு வெளிச்சத்துக்கு நடுவில் குழந்தை அழுகையை நிறுத்திக் காதைத் தீட்டியது. இருட்டுக்குள்ளிருந்து விக்கிக்கொண்டே கேட்டது.

“பெரிம்மா… ஆச்சு சொல்லு.”

காஜாக்காவின் கண்ணாடிக்குள் தண்ணீர் கட்டிக்கொண்டது. சொன்னாள். கடைசி வெளிச்சம்வரை ஓயாமல் சொன்னாள். துணிக்குள்ளிருந்து ஒரு விரல் வெளியே வந்து அவள் வளையலைப் பற்றிக்கொண்டது. இதுவரை நடந்ததையெல்லாம் மறந்துவிடலாம் என்று அந்தக் கணத்தில் அவளுக்கு இருந்தது. இதைத் தங்கையிடம் சொல்ல வேண்டும் என்ற ஆசையோடு கதவைத் திறந்தாள்.

“வா கண்ணு” என்று தங்கை கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினாள். “பெரியம்மா அடிச்சாளா? கெட்ட பெரியம்மா. அடி அவளை.”

குழந்தை அம்மாவைப் பார்த்தது, பெரியம்மாவைப் பார்த்தது, கையை ஓங்கியது. காஜாக்கா தோளைக் கொடுக்கவில்லை. ஓங்கிய கை காற்றில் வீசிக் கீழே போயிற்று.

“கொடேன்க்கா. பாவம், பிள்ளை ஏமாந்துபோச்சு” என்றாள் தங்கை.

காஜாக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து நர்ஸிடம் கொடுத்தாள். வளையலைப் பற்றிய விரலைப் பற்றிச் சொல்லாமலே படியிறங்கினாள்.

அந்த மழைக்காலம் முடிகிறபோது தங்கையின் புருஷனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. மூட்டை கட்டி ஏற்றிவிடக் காஜாக்காதான் பேருந்து நிலையத்துக்கு வந்தாள். தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்; பிள்ளை மடியில் தூங்கியது. கன்னத்தில் இன்னும் காதுப் பக்கம் கொஞ்சம் ரோஜா நிறம் மிச்சமிருந்தது. பெற்றவளுக்குக் கண் கலங்கியது.

“மிச்சத்துக்கு அங்க யாரு பிடிப்பாங்கக்கா?”

காஜாக்கா ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டாள். குழந்தையின் முகத்தைத் தொடப் போன கை, அது விழித்துவிடுமோ என்று பாதியில் திரும்பியது. பேருந்து உறுமியது. அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

“நீதான் பிடிக்கணும். கழுத்தை அமுக்காத, காதுக்குப் பின்னால கை கொடு. அழுதா ஏதாவது பேசிக்கிட்டே இரு. என் பேரை மட்டும் இனி அவ காதுல போடாத. கெட்டதுக்கும் வேண்டாம், நல்லதுக்கும் வேண்டாம்.”