ஷைனி சித்தி இன்ஜினுக்குப் பவுடர் போட்ட கதை

எங்க ஷைனி சித்தி ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு நாலு பொம்பளைங்களைத் தன் பழைய காரில் கூட்டிப்போவாங்க. கார் என்னைவிட மூத்தது. டேஷ்போர்டில் இன்ஜின் லைட் எரிஞ்சா பின்சீட்டில் ஜெபம் ஆரம்பிச்சிடும்.

இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலண்ட் தண்ணி தினமும் குறைஞ்சுது. ஆனா வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"ஹெட் கேஸ்கெட் போச்சுக்கா, இன்ஜின் உள்ளேயே லீக்கு. காயலான் கடைக்குப் போட்டுடு," என்றார் மெக்கானிக் வசந்தகுமார்.

சித்தி முகம் சுருங்கிப்போச்சு. கார் போனா, முன்னாடி விட்டுவந்த கம்பெனி லைன் வேலைக்கே மறுபடி போய் நிக்கணும்.

"ஆயில்ல தண்ணி கலக்கல, வெள்ளைப் புகையும் வரல. அப்புறம் இன்னா கேஸ்கெட்டு?" என்றவங்க, தினமும் காரில் வர்ற ஜெனிபர் அக்கா கைப்பையிலிருந்து முகப்பவுடரைப் பிடுங்கி, இன்ஜினுக்குத் தண்ணி போற ரப்பர் ஓஸ் மேலெல்லாம் தூவினாங்க.

"இன்ஜினுக்கு இன்னா, நிச்சயதார்த்தமா?" என்றேன்.

"வாயை மூடுடா, எருமை."

இன்ஜின் சூடானதும், மேல் ஓஸ் கிளிப்புகிட்ட பவுடரில் ஈரக்கோடு ஒண்ணு இறங்குச்சு. கசிஞ்ச தண்ணி சூட்டிலேயே ஆவியாகியிருக்கு. மிச்சம் பக்கத்து சென்சார் ஒயரை நனைச்சு லைட்டை எரியவிட்டிருக்கு.

ஓஸை மாத்தி, ஒயரைக் காயவச்சு, ஸ்கேனரில் லைட்டை அணைச்ச வசந்தகுமார், "யக்கா, நீ கில்லாடிக்கா!" என்றார்.

மறுநாள் சித்தி அடிச்ச ஹாரனில், மேனேஜர் வண்டின்னு நினைச்சு கம்பெனி வாட்ச்மேன் சல்யூட் வச்சுட்டார். சித்தியும் கூசாம தலையாட்டி வாங்கிக்கினாங்க.