அன்னாவும் ஜார்ஜும் ஒரு பதக்கப் பைத்தியமும்

நாணயம் சேர்ப்பவனை ஊர் மதிக்கும். ஜார் மன்னர் காலத்து ருஷ்யப் பதக்கம் சேர்ப்பவனை வீட்டுப் பூனைகூட மதிக்காது. உங்களில் யாருக்காவது இந்தக் கிறுக்கு உண்டென்றால் கை கொடுங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தாவாக இருந்தேன். ருஷ்யக் கப்பல்கள் வரும். எனக்கு ஜுரமும் வரும்.

யார் அந்த அன்னா?

புனித அன்னா பெயரில் ஜார் கொடுத்த சிவப்புச் சிலுவை ஒன்று எண்ணூரில் ஒரு பழைய சாமான் கடைக்கு வந்திருந்தது. கடைக்காரரிடம் போனில், "அன்னாவை ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறேன். பின்பக்கம் கொஞ்சம் தேய்ஞ்சிருந்தா பரவாயில்லை, வயசு அப்படி" என்றேன். சமையலறையில் பாத்திரம் விழுந்தது.

மூன்று நாள் வெறும் ரசம். ஞாயிறன்று சிலுவையைக் கொண்டுவந்து மனைவி மல்லிகாவின் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தப் பில்லைக்காவா நானு மூணு நாளா அழுதுகினு இருந்தேன்?"

வஞ்சிரத்தின்மேல் ஜார்ஜியார்

ஒரு மாலுமி என் புது லுங்கி இரண்டை வாங்கிக்கொண்டு வெள்ளிச் சிலுவை ஒன்று கொடுத்தான். நடுவில் குதிரைமேல் புனித ஜார்ஜ், ஈட்டியால் பறவை நாகத்தைக் குத்துகிறார். போரில் துணிந்த சிப்பாய்க்குத் தருவது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காசிமேட்டில் மீன் வாங்கினேன். ராயபுரம் வந்து பார்த்தால் பை காலி!

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினேன். செவுளைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தபோது விழுந்திருக்கிறது. மீன்காரம்மா ரோசம்மா அதைக் கழுவி, பூ வைத்து, கூடையின் மேலே சாத்தியிருந்தார். கை நீட்டினேன். தட்டிவிட்டார். "நம்ம ஜார்ஜியாரு வந்து குந்தினதுலேர்ந்து யாவாரம் பிச்சுகினு போவுது. வஞ்சிரம் முடியட்டும், அப்பால இட்டுகினு போ நைனா."

பின்பக்கத்து எண்

அந்த ஜார்ஜ் சிலுவையின் பின்னால் ஓர் எண் உண்டு. எந்த எண் எந்தச் சிப்பாய்க்கு என்று ருஷ்யாவில் பதிவேடு இருக்கிறதாம். கப்பல் இஞ்சினியர் ஒருவர் எண்ணைக் குறித்துக்கொண்டு போனார். மறுவருஷம் வந்தபோது ஒரு போட்டோவை நீட்டினார்: பெரிய மீசை, முறைத்த கண், மார்பில் சிலுவை. அந்தச் சிப்பாயின் பேத்தி இன்னும் இருக்கிறாராம். வீட்டில் மிஞ்சியது இந்தப் படம் மட்டும்தானாம். இஞ்சினியர் சிலுவையைத் திருப்பிக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாகப் போயிற்று.

என்னிடம் இருந்ததிலேயே நல்லது அந்தச் சிலுவைதான். இரண்டு நாள் அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். மல்லிகா போட்டோவை எடுத்துப் பார்த்தாள். "பாவம், எத்தினி வருசமா வூடு தெரியாம சுத்திகினு கீறாரு மனுசன். அனுப்பிவுடுய்யா."

கப்பல் கிளம்புமுன் கொடுத்துவிட்டேன். பதக்கம் சேர்ப்பது என்பது வேறொருவன் வீரத்தால் வாங்கியதை நாம் பிடிவாதத்தால் வாங்கி, வீட்டுக்காரி சொன்னதும் திருப்பிக் கொடுத்துவிட்டு, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போவது.